தோட்டாவுக்கு எதுக்குங்க கொழுப்பு?

1857 என்றதும் பள்ளிப் பாடத்திலிருந்து நமக்கு ஞாபகம் வருவது பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும்தான். சிப்பாய்கள் ஏன் கொதித்தார்கள் என்று பாடம் சொல்லும். தோட்டாவுக்கு எதுக்குங்க கொழுப்பு என்பதை மட்டும் சொல்லாது. பதில் துப்பாக்கிக் குழாய்க்குள் படியும் கரியில் இருக்கிறது.

தாம்பரம் பக்கம் இருப்பவர்களுக்கு இது தூரத்துக் கதை இல்லை. மின்சார ரயிலில் தினமும் கடக்கிறோமே பரங்கிமலை, அதுதான் அன்று மெட்ராஸ் பீரங்கிப் படையின் தலைமையிடமாக இருந்தது. மவுண்ட் ரோட்டில் சிலையாக நின்ற நீல், 1857-இல் மெட்ராஸ் ஃபியூசிலியர்ஸ் என்ற வெள்ளைக்காரப் படையோடு இங்கிருந்துதான் கப்பலேறிப் போனார். அலகாபாத்தில் அவர் ஆடிய வெறியாட்டம் தனிக்கதை. 1927-இல் சிலைக்கு எதிராகச் சத்தியாகிரகம் நடந்தது; 1937-இல் சிலை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனது. அந்தப் படையின் கையில் இருந்தது புத்தம்புதிய என்ஃபீல்டு துப்பாக்கி.

என்ஃபீல்டும் வாய்வழியாக மருந்து கெட்டிக்கிற ரகம்தான். நரிக்குறவர்களின் நாட்டுத் துப்பாக்கியைப் பார்த்தவர்களுக்கு உடனே புரியும். மருந்தைக் கொட்டி, குண்டைப் போட்டு, கம்பியால் இடித்து இறக்கி, பின்னால் கேப் மாட்டிச் சுட வேண்டும். இதில் என்ன சிக்கல் என்றால், கருமருந்து முழுசாக எரிந்து புகையாகப் போவதில்லை. முக்கால் பங்கு வெடியுப்பு, மீதி கரியும் கந்தகமும். எரிந்த பிறகு எடையில் பாதிக்கும் மேலே உப்பும் கரியுமாகத் திடப்பொருளாகவே மிஞ்சும். அதில் ஒரு பகுதி புகையோடு வெளியே போகும், ஒரு பகுதி குழாயில் ஒட்டிக்கொள்ளும். நம்ம ஊர் கடற்காற்றில் அது ஈரத்தை இழுத்துக் கொழகொழவென்று ஆகும். அடுத்த குண்டு எப்படியோ இறங்கிவிடும், ஆனால் துடைக்காமல் விட்டால் துரு நிச்சயம். வட இந்தியக் கோடையிலோ காய்ந்து ஓடு மாதிரி இறுகிவிடும்.

பழைய பிரவுன் பெஸ் துப்பாக்கியில் இது பெரிய தலைவலி இல்லை. குழாய் 0.75 அங்குலம், குண்டு சுமார் 0.69. கரி படிய தாராளமாக இடம் உண்டு. குண்டு ஆடிக்கொண்டே போவதால் நூறு கஜத்துக்கு மேல் குறி தேறாது, அவ்வளவுதான். என்ஃபீல்டின் குழாய்க்குள் சுருள் வரிகள் இருந்தன. குழாய் 0.577 அங்குலம், குண்டு 0.568. இடைவெளி ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்பது பங்கு! சில ரவுண்டு சுட்டதும் கரி அந்த இடத்தை அடைத்துக்கொள்ளும். அதை இளக்கத்தான் குண்டைச் சுற்றிய காகிதத்தில் கொழுப்பு தடவினார்கள்.

எதிர்ப்பு கிளம்பியதும் 1857 ஜனவரியிலேயே சிப்பாய்கள் தங்களுக்குப் பிடித்ததைத் தடவிக்கொள்ளலாம் என்றார்கள். பல்லால் கடிக்காமல் கையால் கிழிக்கலாம் என்று பயிற்சிமுறையையும் மாற்றினார்கள். அதற்குள் நம்பிக்கை போய்விட்டது. வெயிலில் கொழுப்பு உருகி, குண்டு இறங்காமல் திண்டாடியவர்களில் வெள்ளைக்காரர்களும் உண்டு. பிறகு குண்டை 0.55 அங்குலமாகக் குறைத்தார்கள், தேன்மெழுகைக் கூட்டினார்கள். இடைவெளி மூன்று மடங்கானது. இதை முதலிலேயே செய்திருந்தால்? எனக்கென்னவோ கலகம் அப்போதும் வந்திருக்கும். சம்பளம், நிலம், அவத் என்று மனக்குறைகள் குவிந்து கிடந்தன.

கரி இல்லாவிட்டாலும் கெட்டிப்பதில் நடக்கும் தவறுகள் ஏராளம். மருந்து போடாமல் குண்டை இறக்குவது, இடித்த கம்பியைக் குழாயிலேயே விட்டுச் சுடுவது. மோசமானது இரட்டைக் கெட்டிப்பு. கேப் மட்டும் 'டப்'பென்று வெடிக்கும், மருந்து பற்றாது. போர்ச் சத்தத்தில் சிப்பாய்க்குத் தெரியாமல் அதன் மேலேயே அடுத்ததை இடிப்பான். 1863-இல் அமெரிக்காவின் கெட்டிஸ்பர்க் போர்க்களத்தில் பொறுக்கிய 27,574 துப்பாக்கிகளில் சுமார் 24,000 சுடப்படாமல் கெட்டித்தபடியே கிடந்தன. அதில் பாதியில் இரண்டிரண்டு தோட்டா. ஒன்றில் 23!

இதற்கு ஒரு எளிய பரிசோதனை வைத்திருந்தார்கள். கெட்டிப்பதற்கு முன் வெறும் கேப்பை மாட்டி, வாயைப் புல் பக்கம் காட்டிச் சுடுவது. புல் அசைந்தால் வழி திறந்திருக்கிறது. அசையாவிட்டால் எண்ணெயோ கரியோ அடைத்திருக்கிறது. மாட்டிக்கொண்ட குண்டை எடுக்கக் கம்பியின் நுனியில் திருகாணி பொருத்தித் துளைத்து இழுப்பார்கள். சுட்டு முடிந்ததும் தண்ணீர் ஊற்றிக் கழுவி, துணியால் துடைத்து, எண்ணெய் போட வேண்டும்.

கலகம் அடங்கிய பிறகு இந்தியச் சிப்பாய்களுக்கென்றே ஒரு துப்பாக்கி வந்தது. பார்க்க அப்படியே என்ஃபீல்டுதான். உள்ளே வரிகளை எடுத்துவிட்டுக் குழாயை 0.656 அங்குலத்துக்கு அகலமாக்கியிருந்தார்கள். கரி அடைக்காது. தூரத்துக் குறியும் தேறாது.