வீட்டு பீரும் பழைய தோப்பியும்

சென்ற கூட்டம் முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது நம் குடியிருப்பு நண்பர் ஒருவர் கேட்டார்: "வெளிநாட்டில் இருக்கும் மகன் லீவுக்கு வரும்போது, வீட்டிலேயே பீர் தயாரிக்கிற கிட் ஒன்று வாங்கி வரட்டுமா என்கிறான். நமக்குத்தானே சார், விற்கவா போகிறோம்?" வேண்டாம் என்றேன். காரணத்தை முழுதாகச் சொல்ல அங்கே நேரம் இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

அந்தப் பெட்டியில் இருப்பது பெரிய விஷயமில்லை. முளைகட்டிய பார்லியின் சாற்றைச் சுண்டவைத்த பாகு ஒரு டின், சிறு பாக்கெட்டில் ஈஸ்ட், மூடியுள்ள ஒரு பெரிய பிளாஸ்டிக் வாளி. பாகை வெந்நீரில் கரைத்து, சர்க்கரை சேர்த்து, சுமார் 20 லிட்டர் வரும்படி தண்ணீர் ஊற்றி, ஆறியதும் ஈஸ்டைத் தூவி மூடிவைப்பார்கள். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் உண்டாக்கும். நம் இட்லி மாவு பொங்குவதும் இதுபோன்ற நுண்ணுயிர் வேலைதான்.

இதில் சூட்சுமம் முளையில் இருக்கிறது. தானியத்தில் இருப்பது மாவுச்சத்து. ஈஸ்டால் அதை அப்படியே தின்ன முடியாது. தானியம் முளைவிடும்போதுதான் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றும் நொதிகள் உண்டாகின்றன.

இந்தச் சூட்சுமம் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், வலைஞர் குடியிருப்பில் கள் ஆக்கும் முறை படிப்படியாக வருகிறது. குற்றாத அரிசியைக் களியாகத் துழாவி, வாய் அகன்ற தட்டில் ஆறவைத்து, முளையிலிருந்து செய்த அடையைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விளையவிட்டு, பிறகு வடிகட்டி எடுக்கிறார்கள். சுட்ட மீனோடு விருந்தினருக்குக் கொடுக்கிறார்கள். பார்லிக்குப் பதில் அரிசி. மற்றபடி இது பீர்தான். வீட்டில் ஆக்கும் கள்ளுக்குத் 'தோப்பி' என்று ஒரு பெயரும் அதே நூலில் உண்டு.

நம் பக்கத்தில் அரிசியை விடப் பனையே பிரதானம். பாளையிலிருந்து வடியும் சாறு இனிப்பாக இருக்கும்; காற்றில் உள்ள ஈஸ்ட் பட்டதும் தானே புளித்துக் கள்ளாகிவிடும். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் புளிக்காது, அதுவே பதநீர். காய்ச்சினால் கருப்பட்டி. கள்ளுக்கும் பதநீருக்கும் நடுவே இருப்பது ஒரு விரல் சுண்ணாம்புதான்.

வீட்டிலிருந்து இந்த வேலை எப்போது வெளியேறியது? மதுவிலக்குக்கு முன்பே. 1886-ஆம் ஆண்டு சென்னை ஆப்காரிச் சட்டம், உரிமம் இல்லாமல் மது தயாரிப்பதையும் கள் இறக்குவதையும் குற்றமாக்கியது. ஆங்கில அரசுக்குக் குடியைத் தடுப்பதை விட வரி பெரிது. 1937-இல் ராஜாஜி அரசு மதுவிலக்குச் சட்டம் கொண்டுவந்து, அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் தொடங்கியது. 1948-இல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது. 1971-இல் தளர்த்தினார்கள், 1974-இல் மறுபடி மூடினார்கள், 1981-இல் மறுபடி திறந்தார்கள். 1983-இல் டாஸ்மாக் உருவானது. 1987-இல் கள்ளுக்கு வந்த தடை இன்றும் நீடிக்கிறது. பாட்டில் பீர் கடையில் கிடைக்கிறது; பனையேறி இறக்கும் கள் குற்றம். கள்ளை அனுமதிக்கக் கேட்டு விவசாயிகள் இன்றும் போராடுகிறார்கள். புளியரை தாண்டி ஆரியங்காவுப் பக்கம் போனால் கள்ளுக்கடைக்கு அரசே உரிமம் கொடுக்கிறது.

வெளிநாட்டிலும் இது சுலபமாகக் கிடைத்த உரிமையல்ல. பிரிட்டனில் 1880 முதல் வீட்டில் பீர் தயாரிக்க உரிமம் வேண்டியிருந்தது. 1963-இல்தான் அதை நீக்கினார்கள். அமெரிக்காவில் 1978-இல் அதிபர் கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம்தான் வழி திறந்தது. நண்பரின் மகன் அங்கே பார்ப்பது அதற்குப் பின் வளர்ந்த பழக்கம்.

இங்கே 1937 சட்டம்தான் திருத்தங்களோடு இன்றும் நடப்பில் உள்ளது. உரிமமின்றி மது தயாரிப்பது மட்டுமல்ல, அதற்கான பொருளையும் பாத்திரத்தையும் வைத்திருப்பதும் அதன்படி குற்றம். 'நமக்குத்தானே' என்ற விலக்கு கிடையாது. 2024-இல் கள்ளக்குறிச்சிச் சாவுகளுக்குப் பின் தண்டனைகளை இன்னும் கடுமையாக்கினார்கள். அங்கே உயிரைக் கொன்றது மெத்தனால் கலந்த சாராயம். வாளியில் புளிக்கும் பீர் வேறு. ஆனால் சட்டம் இரண்டையுமே தடுக்கிறது.

சங்க காலத்தில் விருந்துக்கு ஆக்கிய ஒன்று, இன்று ஒரு குடும்பத்தை வழக்கில் மாட்டிவிடக்கூடும். இது சரியா தவறா என்று நாம் விவாதிக்கலாம். சட்டமன்றம்தான் மாற்ற முடியும். அதுவரை கிட் அங்கேயே இருக்கட்டும்.

மகன் கோடையில் வந்தால், காலையிலேயே எழுப்பிக் கூட்டிப்போய், பனை ஓலைப் பட்டையில் பதநீர் வாங்கிக் கொடுங்கள். அந்தச் சுண்ணாம்புக் கதையையும் சொல்லுங்கள். பனையேறிக்கும் நாலு காசு கிடைக்கும்.