பீங்கானில் பதிந்த லட்சுமி: ஒளியும் பார்வையும்

புணே மாவட்டத்தின் மேற்கே, கார்லே குகைகளுக்குப் பக்கத்திலுள்ள மளவ்லிக்கு 1899இல் ரவிவர்மா அச்சகம் இடம்பெயர்ந்தது. அதே மாவட்டத்தின் கிழக்கே, அகில்யாநகர் (முன்பு அகமதுநகர்) செல்லும் சாலையில் இருக்கிறது அஷ்டவிநாயகத் தலங்களில் ஒன்றான ரஞ்சன்காவ். அச்சகம் தெய்வங்களை நீர், மரம், மலை சூழ்ந்த காட்சிக்குள் நிறுத்தியது. ரஞ்சன்காவ் மகாகணபதியோ கிழக்கு நோக்கி, சித்தியும் ரித்தியும் இருபுறம் நிற்க, வருபவரை நேருக்கு நேர் பார்க்கிறார். இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் ஜப்பானிலிருந்து வந்திறங்கிய தெய்வ உருவப் பீங்கான் ஓடுகள் ரவிவர்மா பாணி அச்சுப் படங்களைப் பின்பற்றியவை. ஆனால் பார்க்கும் முறையில் அவை ரஞ்சன்காவ் கருவறைக்கே நெருக்கமானவை.

இத்தகைய ஓடுகளை வழக்கமாக அடையாளங்களைக் கொண்டே படிக்கிறார்கள். நான்கு கை, தாமரை, யானை என்றால் லட்சுமி. வீணை என்றால் சரஸ்வதி. படங்களின் பொருளை அறியக் கலை வரலாற்றாளர் எர்வின் பனோஃப்ஸ்கி 1939இல் வகுத்த மூன்று படிநிலைகளில் இது இரண்டாம் படி. இவள் யார் என்பதை இது சொல்லிவிடுகிறது. இவள் எப்படித் தோன்றுகிறாள் என்ற கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது.

ரவிவர்மாவின் லட்சுமியைச் சற்று நிதானமாகப் பார்க்கலாம். தாமரை மேல் நிற்கிறாள். மேலிரு கைகளிலும் தாமரை. ஒரு பக்கத்தில் மட்டும் யானை ஒன்று துதிக்கையில் மாலையை உயர்த்துகிறது. நீரில் அன்னங்கள். மரபான கஜலட்சுமிச் சிற்பத்தில் யானைகள் இரண்டு, இடமும் வலமுமாக நின்று நீராட்டும். அந்தச் சமநிலையில் காலம் நகர்வதில்லை. ஓவியர் ஒரு யானையை எடுத்துவிட்டதும் தராசு சாய்கிறது. அக்கணமே அது ஓர் இடமாக, ஒரு பொழுதாக மாறுகிறது. முகத்தில் விழும் வெளிச்சமும் அந்தப் பொழுதுக்கு உரியதாகிவிடுகிறது.

ஓட்டில் அந்தப் பொழுது கரைந்துபோகிறது. காரணம் செய்முறையிலேயே இருக்கிறது. ஈரம் குறைந்த களிமண் தூளை உலோக அச்சில் வைத்து அழுத்தும் முறைக்கு இங்கிலாந்தில் ரிச்சர்ட் புரோசர் 1840இல் காப்புரிமை பெற்றார். அவாஜித் தீவின் டான்டோ போன்ற ஜப்பானிய ஆலைகள் அம்முறையில் ஆறங்குலச் சதுர ஓடுகளைப் புடைப்பு உருவங்களுடன் செய்தன. மேலே பூசிய வண்ண மெருகு சூளையில் உருகிப் பள்ளங்களில் தேங்குகிறது, மேடுகளில் மெலிகிறது. தேங்கிய இடம் கருக்கும், மெலிந்த இடம் வெளுக்கும். ஆகவே மூக்கின் மேட்டில் தெரியும் வெளிச்சம் எந்தச் சூரியனிடமிருந்தும் வந்ததல்ல, அச்சின் ஆழத்திலிருந்து வந்தது. தொலைவில் மங்கித் தெரிய வேண்டிய மலையும் முன்னே இருக்கும் சேலையும் ஒரே பளபளப்பில், ஒரே தளத்தில் நிற்கின்றன. பின்னணி நிறப்பட்டைகளாகச் சுருங்க, உருவம் முன்னுக்கு வருகிறது.

அஷ்டவிநாயகத் திருவுருவங்களுக்குச் சாத்தும் செந்தூரத்தை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. புணே மாவட்டத்தின் மற்றோர் அஷ்டவிநாயகத் தலமான மோர்காவில் அடுக்கடுக்காகப் படிந்த செந்தூரத்துக்குள் உறுப்புகளின் விளிம்புகள் மழுங்குகின்றன. கல் பதித்த கண்கள் மட்டும் துலங்குகின்றன. பூச்சு நுணுக்கத்தைக் குறைக்கிறது, பார்வையைக் கூட்டுகிறது. மெருகும் அதையே செய்கிறது.

இத்தாலியின் டெரூட்டாவில் பதினாறாம் நூற்றாண்டில் செய்த உருவத் தட்டுகளை ஒப்பிட்டால் வேறுபாடு துலங்கும். அவற்றில் பெண்கள் பெரும்பாலும் பக்கவாட்டில் திரும்பியிருப்பார்கள். அருகே ஒரு சுருளில் பெயரோ புகழ்ச்சியோ எழுதியிருக்கும். அவள் நம்மைப் பார்ப்பதில்லை. நாம் அவளைப் படிக்கிறோம். இந்தியச் சந்தைக்கு வந்த தெய்வ ஓட்டில் அடையாளப் பொருள்களே பெயரைச் சொல்லிவிடுவதால், முகம் நம்மை நோக்கியிருக்க முடிகிறது.

பின்னணி இப்படித் தட்டையாவது மலிவான தொழிற்சாலைச் சரக்கின் குறைபாடுதானே, இதில் அழகியல் தேடலாமா என்று கேட்கலாம். குறைபாடு என்பதில் ஐயமில்லை. ஆனால் வாங்கியவர்கள் அதைக் குறையாக எண்ணவில்லை. அச்சுப் படங்களிலும் ஐரோப்பியத் தூரக்காட்சி மெல்ல விலகி, படத்தின் மேற்பரப்பே பக்தருடன் உறவாடத் தொடங்கியதைக் கிறிஸ்டோபர் பின்னி தம் 2004ஆம் ஆண்டு நூலில் விரிவாக வாதிடுகிறார். பீங்கான் அந்த விலகலைச் சூளையின் வேகத்தில் முடித்துவைத்தது.

ஓட்டின் முகம் நம்மைப் பார்க்கிறது என்பதற்கு வலுவான சான்று இன்றைய மும்பையில் இருக்கிறது. மாடிப்படி மூலைகளில் யாரும் பான் துப்பாதிருக்கத் தெய்வ ஓடுகளைப் பதிக்கிறார்கள். வெறும் பூ ஓடு அந்த வேலையைச் செய்யாது. பார்க்கப்படுகிறோம் என்ற உணர்வே கையையும் வாயையும் கட்டுகிறது.

செட்டிநாட்டு வீடுகளிலும் ஜப்பானிய ஓடுகள் சுவர்களில் ஏறின. ஆத்தங்குடிச் சிமெண்டுக் கற்கள் தரைக்குப் போயின. மிதிபடும் இடத்தில் தெய்வ முகத்தை யாரும் வைக்கமாட்டார்கள் என்பதால், ஓடு இருந்த இடமும் அதன் பொருளில் சேர்த்தி. ஆனால் இடிபடும் வீடுகளிலிருந்து காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்கு வரும் ஓட்டில் அந்தத் தகவல் ஒட்டியிருப்பதில்லை. அருங்காட்சியகப் பட்டியல்கள் உருவத்தையும் ஆலை முத்திரையையும் குறிப்பதோடு நின்றுவிடக் கூடாது. எந்த அறையின் எந்தச் சுவரில், தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில், எத்திசை நோக்கி அது பதிந்திருந்தது என்பதை, ஓட்டைப் பெயர்ப்பதற்கு முன்பே எழுதிவைக்க வேண்டும்.