வ. உ. சி.யும் தமிழில் தன்முன்னேற்ற நூல்களின் தொடக்கமும்

தன்முன்னேற்ற நூல் என்பது, ஒருவர் தம் குணத்தையும் பழக்கத்தையும் தாமே திருத்திக்கொண்டு தொழிலிலும் வாழ்விலும் உயர வழிகூறும் நூல்வகையாகும். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் மாலை வேளைகளில் கூடித் தமக்குள் கற்றும் கற்பித்தும் வந்த தொழிலாளர்களுக்கு சாமுவேல் ஸ்மைல்ஸ் 1845இல் ஆற்றிய உரை விரிந்து, 1859இல் ‘செல்ஃப் ஹெல்ப்’ என்னும் நூலாகி, இவ்வகைக்குப் பெயரையே தந்தது. பதினைந்து வயதிலேயே ஆலை வேலைக்குச் செல்ல நேர்ந்த ஜேம்ஸ் ஆலன், எண்ணமே வாழ்வை ஆக்குகிறது என்னும் கருத்தை 1903இல் ஒரு சிறு நூலாக வடித்தார்.

அச்சிறு நூலைத் தமிழாக்கிய வ. உ. சிதம்பரம் பிள்ளை, தொழில் தலைமையின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் தம் வாழ்விலேயே கண்டவர். பங்கு ஒன்று 25 ரூபாயாக 40,000 பங்குகள் விற்று 10 லட்சம் ரூபாய் மூலதனம் திரட்டும் திட்டத்துடன் 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கிய அவர், ‘காலியா’, ‘லாவோ’ என்னும் கப்பல்களைத் தருவித்து, கட்டணத்தை அடிமட்டத்துக்குக் குறைத்த பிரிட்டிஷ் கம்பெனியோடு தூத்துக்குடி–கொழும்பு வழியில் போட்டியிட்டார். 1908இல் ராஜத்துரோக வழக்கில் அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அது குறைந்தபோதிலும், கோயம்புத்தூர்ச் சிறையில் அவர் செக்கிழுக்க வேண்டியிருந்தது. அவர் சிறையில் இருக்கையிலேயே கம்பெனியும் நொடித்துப்போனது.

அத்தண்டனைக் காலத்தில், 1909இல், ஆலனின் நூல் ‘மனம் போல வாழ்வு’ என வெளிவந்தது. 1912இன் இறுதியில் விடுதலையான பிறகும், கையில் பொருளின்றி வாடிய நிலையில், ஆலனின் பிற நூல்களை ‘அகமே புறம்’ (1914), ‘வலிமைக்கு மார்க்கம்’ (1916), ‘சாந்திக்கு மார்க்கம்’ (1934) என அவர் தமிழில் தந்தார். இதே காலத்தில் திருக்குறளை அடியொற்றி ‘மெய்யறம்’ இயற்றி, குறளின் அறத்துப்பாலுக்கு உரையும் கண்ட ஒருவருக்கு, ஆலனின் கருத்துகள் தமிழ் அறநூல்களின் உறவாகவே தோன்றியிருக்க வேண்டும். அவற்றில் அவர் தேடியது பொருளீட்டும் உபாயத்தை விட, இழப்பிலும் நிலைகுலையாத உள்ளத்தையே எனக் கொள்வது பொருந்தும்.

அவர் மறைந்த 1936ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் டேல் கார்னகியின் புகழ்பெற்ற நூல் வெளிவந்து, பிறரைத் தம் வசமாக்கும் பேச்சையும் பழகும் முறையையும் இவ்வகை நூல்களின் மையமாக்கியது. எனினும், தமிழில் அப்துற் றஹீம் பெருக்கிய வாழ்வியல் நூல்களிலும், அமெரிக்காவில் தொழில் நடத்தித் திரும்பி ‘மக்கள் சக்தி இயக்கம்’ கண்ட எம். எஸ். உதயமூர்த்தியின் எழுத்துகளிலும் குணத்தை முதலாகக் கொள்ளும் பழைய போக்கு தொடர்ந்தது. ஆதலால், தமிழில் இந்நூல்வகையின் வரலாற்றை விற்பனைக் கணக்கால் மட்டும் அளப்பது போதாது. பொதுநலத்துக்காகத் தொழில் நடத்தி, அதன் பொருட்டே அனைத்தையும் இழந்த ஒருவரின் கையால் அது தொடக்க வலிமை பெற்றது என்பதே அதன் தலையாய பெருமையாகும்.