நாடு இல்லாத மொழி

மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டும் என்று மலர்க்குழு நண்பர்கள் கேட்டார்கள். சோழரையும் பாண்டியரையும் பற்றி எழுத நம்மில் நிறையப் பேர் உண்டு. நான் எழுத நினைத்தது யிட்டிஷ் என்ற மொழியைப் பற்றி. "இதென்னப்பா, கேள்விப்படாத பேரா இருக்கே!" என்று வகுப்புத் தோழர்கள் சிரிப்பது காதில் விழுகிறது. கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், ஜெர்மனியில் ரைன் நதிக்கரை நகரங்களில் குடியிருந்த யூதர்களின் பேச்சில் பிறந்தது யிட்டிஷ். அடித்தளம் ஜெர்மன், அதில் எபிரேயச் சொற்கள் கலந்தன. எழுதுவது எபிரேய எழுத்தில், வலமிருந்து இடமாக. ஆண்டு தெரிந்த மிகப் பழைய யிட்டிஷ் வாக்கியம் 1272-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. வோர்ம்ஸ் நகரத்துப் பிரார்த்தனை நூல் ஒன்றில், பெரிய எழுத்துகளின் உள்ளே இருந்த வெற்றிடத்தில் எழுதப்பட்டது. என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? அந்தக் கனமான புத்தகத்தைத் தொழுகைக் கூடத்துக்குத் தூக்கிப் போகிறவருக்கு ஒரு வாழ்த்து!

கொடுமைகளுக்குத் தப்பி யூதர்கள் கிழக்கே போலந்து, லித்துவேனியா, உக்ரைன் என்று நகர்ந்தபோது மொழியும் கூடவே போனது. ஸ்லாவியச் சொற்களைச் சேர்த்துக்கொண்டது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கப்பலேறி நியூயார்க்குக்கும் பியூனஸ் அயர்ஸுக்கும் போனது. வேதம் ஓத எபிரேயம். அடுப்படிக்கும் சந்தைக்கும் யிட்டிஷ். 'மாமெ லோஷன்', அதாவது அம்மா மொழி என்றார்கள். படித்தவர்களில் பலர் 'கொச்சை' என்று ஒதுக்கினார்கள். இருந்தும் இரண்டாம் உலகப் போருக்கு முன் அதைப் பேசியவர்கள் சுமார் 1 கோடியே 10 லட்சம் பேர்.

நாஜிகள் கொன்ற 60 லட்சம் யூதர்களில் பெரும்பாலோர் யிட்டிஷ் பேசியவர்களே. இன்று லித்துவேனியாவின் தலைநகரான வில்னாவில் 1925-இல் தொடங்கிய யிவோ என்ற யிட்டிஷ் ஆய்வு நிறுவனம் இருந்தது. 1941-இல் நகரைப் பிடித்த நாஜிகள், அதன் நூல்களில் சிலவற்றை ஜெர்மனிக்கு அனுப்பவும் மீதியைக் காகித ஆலையில் கூழாக்கவும் திட்டமிட்டார்கள். தரம் பிரிக்கும் வேலையை யூத அறிஞர்களிடமே கொடுத்தார்கள். கவிஞர் ஆப்ரஹாம் சுட்ஸ்கேவரும் நண்பர்களும் ஏடுகளைச் சட்டைக்குள் ஒளித்து வெளியே கடத்தினார்கள். பிடிபட்டால் உயிர் போய்விடும். காகிதத்துக்காகவா உயிரைக் கொடுப்பது என்று கேட்கலாம். தங்களுக்குப் பின் தங்கள் மொழிக்குச் சாட்சி இந்தக் காகிதம்தான் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அரசு ஆதரித்தால் மொழி பிழைத்துவிடுமா? சோவியத் அரசு 1934-இல், தூரக் கிழக்கில் உள்ள பிரோபிட்ஜானில் யூதத் தன்னாட்சிப் பகுதியை அமைத்தது. யிட்டிஷுக்கு அங்கே அரசுமொழித் தகுதி. அதே அரசு 1952 ஆகஸ்ட் 12 அன்று மாஸ்கோவில், பெரெட்ஸ் மார்கிஷ் முதலிய யிட்டிஷ் எழுத்தாளர்கள் உட்பட 13 பேரைச் சுட்டுக் கொன்றது. 1948-இல் பிறந்த இஸ்ரேலோ எபிரேயத்தை அரியணையில் ஏற்றி, யிட்டிஷை நாடிழந்த காலத்து மொழி என்று ஒதுக்கியது. 1978-இல் யிட்டிஷ் எழுத்தாளர் ஐசக் பாஷவிஸ் சிங்கருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் வாசகர்கள் முதியவர்களாகிக் கொண்டிருந்தார்கள்.

இந்த இடத்தில் மாணவத் தம்பி தங்கைகள் கவனிக்க வேண்டும். ஆரன் லான்ஸ்கி என்ற 24 வயது அமெரிக்க மாணவர், தாத்தாக்கள் இறந்ததும் யிட்டிஷ் நூல்கள் குப்பைக்குப் போவதைப் பார்த்துப் பதறினார். 1980-இல் வீடு வீடாகப் போய்ச் சேகரிக்கத் தொடங்கினார். மிஞ்சியிருப்பது 70,000 புத்தகம்தான் என்றார்கள் அறிஞர்கள். சேர்ந்ததோ பத்து லட்சத்துக்கும் மேல்!

புத்தகம் பிழைத்தது; பேச்சு? அது பிழைத்திருப்பது புரூக்ளின், ஆண்ட்வெர்ப், லண்டன், ஜெருசலேம் ஆகிய ஊர்களில் ஹசிடிக் என்னும் வைதீக யூதக் குடும்பங்களில். அவர்களில் பெரும்பாலோர் சிங்கரின் கதைகளைத் தொடுவதில்லை. ஆனால் பிள்ளைகளை அதட்டுவதும் கொஞ்சுவதும் யிட்டிஷில்தான். தெருவில் விளையாடும் குழந்தை அதில் சண்டை போடுகிறது!

ஒரு மொழி வாழ ஏட்டைக் காப்பவரும் வேண்டும், வீட்டில் பேசுபவரும் வேண்டும். இரண்டில் ஒன்றாவது நம் கையில் இருக்கிறது. எந்த மொழிக்காரருக்கும் இது பொருந்தும் என்பதே என் தாழ்மையான கருத்து.