தொலைக்காட்சி அனுமதிப்பத்திரம்

தொலைக்காட்சி அனுமதிப்பத்திரம் என்பது, ஒளிபரப்பைப் பெறும் கருவியை வைத்திருப்பவரோ பயன்படுத்துபவரோ ஆண்டுதோறும் கட்டணம் செலுத்திப் பெறும் சான்று. பேச்சு வழக்கில் ரிவி லைசன்ஸ். கட்டணப் பணம் பெரும்பாலும் பொது ஒளிபரப்பு நிறுவனத்தைப் போய்ச் சேரும். கேபிள், டிஷ் கம்பனிகளுக்குக் கட்டும் மாதச் சந்தா வேறு, இது வேறு. சந்தாவை ஒழுங்காகக் கட்டி வருகிறவருக்கும் அனுமதிப்பத்திரம் தேவைப்படலாம். கட்டணம் பெட்டிக்கா, வீட்டுக்கா, பார்க்கும் நேரத்துக்கா என்பதில் நாடுகள் ஒத்துப்போனதில்லை. நேரடி ஒளிபரப்பின் பக்கமே போகாமல் நிகழ்ச்சி பார்ப்பவர் பணம் கட்ட வேண்டுமா என்பது அதைப் பொறுத்தே அமையும்.

இந்தியாவும் இலங்கையும்

இந்தியாவில் 1928இல் வானொலிப் பெட்டிக்கு வந்த அனுமதி முறை பிறகு தொலைக்காட்சிக்கும் நீண்டது. 1970களில் வானொலிக்கு ஆண்டுக்கு 15 ரூபாய், தொலைக்காட்சிக்கு 50 ரூபாய். தபால் நிலையத்தில் பணம் கட்டி, அதற்கான சிறு புத்தகத்தைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். சோதனைக்கு வரும் அலுவலர் புத்தகத்தைத்தான் கேட்பார். பெட்டியில் என்ன பார்த்தீர்கள் என்று கேட்கமாட்டார். வீட்டில் பெட்டி இருந்தாலே கட்டணம் உண்டு. 1980களின் நடுப்பகுதியில் இந்த முறை கைவிடப்பட்டது. இலங்கையிலும் வானொலிக்கு அனுமதிப்பத்திரம் எடுத்த காலம் உண்டு. இன்று வீட்டில் ரிவி வைத்திருப்பதற்கு அங்கு ஆண்டுக் கட்டணம் கிடையாது.

இலங்கையில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1979 ஏப்ரலில் சுயாதீனத் தொலைக்காட்சியுடன் தொடங்கியது. ரூபவாஹினி 1982 பெப்ரவரியில் வந்தது. ஆனால் மன்னார்க் கரையில் கொழும்பைவிட இந்தியாதான் பக்கம். முத்துக்குளிப்புக்குப் பெயர்போன கொண்டச்சிக் குடாவிலிருந்து பார்த்தால், மன்னார் வளைகுடாவின் மறு கரை தமிழ்நாடு. கொடைக்கானல் மலையிலிருந்து தூர்தர்ஷன் ஒளிபரப்பிய படம் கடலைத் தாண்டி வட இலங்கையின் வீடுகளுக்குள் வந்தது. பின்னர் இராமேஸ்வரத்தில் எழுந்த 323 மீற்றர்க் கோபுரம் இன்னும் கிட்ட இருந்தது. உயரமான குழாயில் அன்ரனாவைக் கட்டி மேற்கே திருப்பிவிட்டால் போதும். காற்று அதை அசைத்துவிட்டால் ஒருவர் வெளியே குழாயைத் திருப்ப, உள்ளே இருப்பவர் படம் தெளிகிறதா என்று குரல் கொடுப்பார். அப்படிப் பார்த்தவரிடம் இந்திய அரசு கட்டணம் கேட்க வழியில்லை. அலை எல்லையைத் தாண்டும், அனுமதிப்பத்திரம் தாண்டாது.

ஒளிபரப்பே இல்லாமல் பார்ப்பதும் இப்பகுதிக்குப் புதிதல்ல. போர்க்காலத்தில் மின்சாரம் இல்லாத வடக்கில் ரிவியையும் டெக்கையும் ஜெனரேற்றரையும் வாடகைக்கு எடுத்து, விடியவிடியக் கசற்றில் படம் பார்த்தார்கள்.

பிரித்தானியா: நேரடி என்ற கோடு

தமிழர்கள் இன்று ரிவி லைசன்ஸ் என்று பேசினால் அது பெரும்பாலும் பிரித்தானியாவைப் பற்றியதாகவே இருக்கும். அங்கு வானொலிக் கட்டணம் 1922இலும் தொலைக்காட்சிக் கட்டணம் 1946இல் 2 பவுணாகவும் தொடங்கின. 2025 ஏப்ரலில் தொலைக்காட்சிக் கட்டணம் 174.50 பவுணாக இருந்தது. வானொலிக்கு மட்டுமான அனுமதி 1971இல் ஒழிந்தது.

2003ஆம் ஆண்டின் தொடர்பாடல் சட்டமும் அதன் கீழான விதிகளும் பெட்டியை விட்டுவிட்டு, பார்க்கும் செயலைப் பிடித்துக்கொண்டன. எந்தச் சனலாக இருந்தாலும், எந்த நாட்டிலிருந்து வந்தாலும், அது ஒளிபரப்பாகும் அதே வேளையில் பார்த்தால் அல்லது பதிவுசெய்தால் அனுமதிப்பத்திரம் வேண்டும். பிபிசி பார்ப்பதே இல்லை, எங்கள் வீட்டில் தமிழ்ச் சனல் மட்டும்தான் என்பது சட்டத்தின் முன் எடுபடாது. சென்னைச் சனலின் இரவுத் தொடரை டிஷ்ஷிலோ இன்ரநெற் பெட்டியிலோ ஓடும்போதே பார்த்தால் கட்டணம் உண்டு. அதே அத்தியாயத்தை மறுநாள் யூரியூப்பில் பார்த்தால் இல்லை. நெற்பிளிக்ஸ் படத்துக்கும் டிவிடிக்கும் வேண்டாம். ஆனால் யூரியூப்பிலோ நெற்பிளிக்ஸிலோ ஒளிபரப்பாகும் தொலைக்காட்சி நிகழ்ச்சியை நேரலையாகப் பார்த்தால் வேண்டும். நேரலையை நிறுத்தி வைத்து அரை மணி கழித்துப் பார்ப்பதும் தப்பிக்கும் வழி அல்ல.

இதற்குள் ஒரு விலக்கு உண்டு. பிபிசியின் ஐபிளேயரில் பழைய நிகழ்ச்சியைப் பார்ப்பதற்கு 2016 செப்ரெம்பர் 1 வரை கட்டணம் தேவைப்படவில்லை. அன்று முதல் தேவை. நேரடியா இல்லையா என்று போட்ட கோட்டை, பிபிசியின் சொந்த நிகழ்ச்சி என்று வரும்போது சட்டமே தாண்டியது. தர்க்கத்தைவிட வருமானத்துக்கே இங்கு இடம் கொடுத்தார்கள் என்று சொல்லலாம்.

தமிழ்க் குடும்பங்கள் அதிகம் இடறும் இடம் முகவரி. ஒரு வீட்டுக்கு ஓர் அனுமதி போதும். எத்தனை பெட்டி இருந்தாலும் சரி. ஆனால் தனித்தனி வாடகை ஒப்பந்தத்தில் அறைகளில் இருப்பவர்களுக்கு அறைக்கொன்று தேவை. வீட்டு அனுமதி கடைக்குச் செல்லாது. கடையின் கல்லாவுக்குப் பின்னால் மாட்டியிருக்கும் ரிவியில் கிரிக்கெற் ஓடினால் கடைக்கும் தனியாக எடுக்க வேண்டும். அதே கிரிக்கெற்றைக் கைத்தொலைபேசியில், அதன் சொந்தப் பற்றரியில் பார்த்தால் வீட்டு அனுமதியே போதும். சார்ஜரைச் சுவரில் செருகிய நிமிடம் அந்தச் சலுகை போய்விடும். விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளுக்கும் பெற்றோரின் அனுமதி இதே நிபந்தனையில்தான் உதவும்.

அனுமதியின்றிப் பார்ப்பது குற்றம். அதிகபட்ச அபராதம் 1,000 பவுண். தேவையில்லாதவர்கள் 'எங்களுக்கு வேண்டாம்' என்று பதிந்துவைக்கலாம். பதியாத முகவரிக்குக் கடிதங்கள் வந்துகொண்டே இருக்கும். கதவைத் தட்டும் அலுவலரை, நீதிமன்றத் தேடுதல் ஆணை இல்லாவிட்டால், உள்ளே விட வேண்டிய கட்டாயம் இல்லை. 75 வயதைக் கடந்தவர்களில் ஓய்வூதிய உதவிக்கொடுப்பனவு பெறும் வீட்டாருக்கு மட்டுமே 2020 ஓகஸ்ற் முதல் இலவசம்.

மற்ற நாடுகள்

ஜேர்மனி 2013இல் பெட்டியைக் கணக்கிடுவதைக் கைவிட்டு வீட்டுக்கொரு கட்டணம் என்றது. 2021 ஓகஸ்ற் முதல் மாதம் 18.36 யூரோ. ரிவியே இல்லாத வீடும் கட்ட வேண்டும். சுவிற்சர்லாந்தும் 2019 முதல் இந்த வழிதான். 2021இலிருந்து ஆண்டுக்கு 335 பிராங். நேரடி, பதிவு என்ற தகராறே அங்கு எழாது. சிங்கப்பூரில் வீட்டுக்கு 110 வெள்ளியாக இருந்த கட்டணம் 2011இல் நீக்கப்பட்டது. மலேசியா 2000இலேயே விட்டுவிட்டது. நோர்வே 2020இல் வரிப் பணத்துக்கு மாறியது. 138 யூரோ அறவிட்டு வந்த பிரான்ஸ் 2022இல் நிறுத்தியது.

பிபிசியின் இப்போதைய அரச சாசனம் 2027 டிசம்பர் 31 வரை. கட்டணம் இதே உருவில் தொடருமா என்பது அடுத்த சாசனத்தில் தீர்மானமாகும்.