கயிறு எங்கிருந்து வந்தது?

வீரக்கதைகளில் கோட்டைச் சிறையினின்று நாயகன் தப்புவது புதிதன்று. காவலன் உறங்குவான்; சாளரத்தில் கயிறு தொங்கும். அக்கயிறு எங்கிருந்து வந்ததென்று வாசகர் கேட்டுவிட்டால் கதை அங்கேயே சாய்ந்துவிடும்.

பதினைந்தாம் லூயி மன்னனின் காதற்கிழத்தி பொம்பதூர் சீமாட்டி. அவளை ஏமாற்றிச் சலுகை பெற முயன்ற லத்தூட் என்பவன் 1749இல் சிறைப்பட்டான். பாரிஸ் நகரின் பாஸ்டில் கோட்டையில் அவனும் அலேக்ர் என்ற கைதியும் ஓரறையில் அடைபட்டிருந்தனர். சட்டைகளையும் படுக்கைத் துணிகளையும் நூல் நூலாகப் பிரித்துக் கயிறு திரித்தனர். குளிர்காயத் தந்த விறகைச் செதுக்கி ஏணிப்படி செய்தனர். ஆனால், இவற்றை எங்கே ஒளிப்பது? தங்கள் தளத்திற்கும் கீழறைக் கூரைக்கும் நடுவே வெற்றிடம் உண்டென்று அறிந்த பிறகே வேலை தொடங்கிற்று. படிகள் சுவரில் மோதி ஒலி எழுப்பாதிருக்கத் துணியும் சுற்றினர்!

1756 பிப்ரவரியில் ஓர் இரவு, புகைபோக்கி வழியே மேலேறி, கோபுரத்தினின்று அகழியில் இறங்கினர். உறைகுளிர் நீரில் நின்றே மதிலைப் பல மணி நேரம் குடைந்து வெளியேறினர்.

டூமாஸ் 1844இல் தொடங்கிய ‘மான்டி கிறிஸ்டோ’ கதையில், பிணச்சாக்கில் புகுந்து கடலில் எறியப்பட்டுத் தப்புகிறான் நாயகன். நம்பத்தக்கதா? ஆண்டுக்கணக்கில் சுரங்கம் தோண்டிய பாடு முன்னரே சொல்லப்பட்டிருப்பதால் வாசகர் நம்பிவிடுகின்றனர்.

லத்தூட் சில மாதங்களில் ஆம்ஸ்டர்டாமில் பிடிபட்டான், 1784இல்தான் இறுதி விடுதலை. தன் கதையைச் சற்றுப் பெருக்கியே எழுதியவன் அவன். ஏணி மட்டும் பொய்யன்று. 1789இல் பாஸ்டில் வீழ்ந்தபோது அது அங்கேயே அகப்பட்டது.