அட்டவணையும் வளைகோடும்: அம்பத்தூர்க் கலன் பட்டறைகளின் வடிவமைப்பு வரலாறு
1964இல் உருவான அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் வரலாறு பெரும்பாலும் ஏக்கர் கணக்காகவும் ஆலைக் கணக்காகவுமே எழுதப்படுகிறது. அங்குள்ள கலன் பட்டறைகளின் வரைபட மேசைக்கு அதில் இடமில்லை. அழுத்தக்கலன்களுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 2825 வெளிவந்தது 1969இல். அது வடிவமைப்பாளருக்குத் தந்தது, அனுமதிக்கத்தக்க தகைவுகளின் அட்டவணை. மென் எஃகு நிலையாக உருமாறத் தொடங்கும் இடம் தகைவு–திரிபு வளைகோட்டில் தெளிவாகத் தெரியும். எவர்சில்வர் என நாம் புழங்கும் துருவேறா எஃகின் வளைகோடோ மெல்லச் சாயும். 0.2 விழுக்காடு நிலைத்திரிபு என்னும் எல்லை உலோகம் காட்டியதன்று. பொறியாளர் வகுத்துக்கொண்ட உடன்பாடே. அச்சாய்வை ராம்பெர்க்கும் ஆஸ்குடும் 1943இலேயே மூன்று அளவுருக்களால் எழுதிவிட்டனர். அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்க விதித்தொகுப்பின் எட்டாம் பிரிவு, இரண்டாம் பகுதி முழு வளைகோட்டுச் சமன்பாட்டை ஏற்றதோ 2007இல். கணினிப் பகுப்பாய்வு பரவிய பின்னர். இடைப்பட்ட காலத்துக் கணக்குத்தாள்கள் எடைக்குப் போகுமுன் திரட்டப்பட வேண்டும்.